விஞ்சு அமீருதீனும் கஸ்மாலமும்

"மூணு" என்று எண்ணிவிட்டு அமீருதீன் நிறுத்தினார். குடத்தோடு போய்க்கொண்டிருந்த கெங்கம்மாவைப் பார்த்து ஈரக்கையை ஓங்கினார். "இன்னா மொறைக்கிற? உன் வூட்டுத் தண்ணியா? தெருக் கொயாயில வரிசைல நின்னு நான் புட்ச்சாந்த தண்ணி!" அதற்குள் எண்ணிக்கை மறந்துவிட்டது. தகர டப்பாவிலிருந்து இன்னொரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.

நாயின் எச்சில் பட்ட கையை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் போட்டு. அவர் படித்த மார்க்கம் அப்படி. அவர் வளர்க்கும் நாயோ, தூக்கினால் அவர் கையை நக்காமல் விடுவதில்லை. காலையிலும் சாயங்காலமும் இந்தக் கழுவல் உண்டு. எதிர் மாடியில் நான் இரண்டு வருஷமாகக் குடியிருக்கிறேன். நடுவில் ஒருவரையாவது திட்டாமல் அவர் ஏழு வரை எண்ணி நான் பார்த்ததில்லை.

ராயபுரத்தில் எங்கள் சந்தில் அவரை 'விஞ்சு' அமீருதீன் என்றால்தான் தெரியும். துறைமுகத்தில் கப்பலிலிருந்து மூட்டை இறக்கும் விஞ்சு யந்திரத்தை ஓட்டுகிறவர். ஒல்லி உடம்பு, கட்டம் போட்ட கைலி, கறுப்புக் கயிற்றில் கழுத்தோடு தொங்கும் பித்தளை வில்லை. அதில் 417 என்று நம்பர். அதைக் காட்டினால்தான் கேட்டில் உள்ளே விடுவார்கள். வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருப்பார். குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டார்.

நாய்க்கு அவர் வைத்த பெயர் கஸ்மாலம். பின்னங்கால் இரண்டும் செத்த கால்கள். வாசலோரம் ஒரு தேயிலைப் பெட்டியில் படுத்திருக்கும். வேலைக்குப் போகுமுன் அதன் இடுப்புக்கடியில் கோணிப் பட்டையைக் கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார். நாய் முன்னங்காலால் நடக்கும், இவர் குனிந்தபடி பின்னால் நடப்பார். "மெதுவா போ கஸ்மாலம், உங்க அப்பன் வூட்டுக் கல்யாணமா?" என்று சந்துக்கோடி வரை வசவு கேட்கும். மூட்டையை அலுங்காமல் இறக்கிய கை அது. பட்டை ஒருநாளும் ஆடிப் பார்த்ததில்லை.

குடிவந்த புதிதில், பெரிய மனுஷத்தனமாக, "பாவம், கால் போன அன்றைக்கே ஒரே அடியாகப் போயிருந்தால் அதற்கும் நல்லது" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். "நாளைக்கு உன் கால் மேல மூட்டை வுழட்டும் சார். அப்ப வந்து நானும் அதையே சொல்றேன்." ஒரு வாரம் அவர் முகத்தில் விழிக்கவில்லை. அவர் சொன்னது எனக்கு வேண்டியதுதான்.

நாய்க்குக் கால் போன கதை இது. ரங்கூன் அரிசிக் கப்பல் ஒன்று வந்திருந்தது. மூட்டை தூக்கும் கயிறு நைந்துவிட்டதென்று மேஸ்திரியிடம் மூன்று நாளாகச் சொல்லியிருக்கிறார். "இந்தக் கப்பல் போவட்டும்" என்பதே பதில். மூன்றாம் நாள் கயிறு அறுந்தது. கீழே நின்ற லோகநாதன் அந்த நிமிஷம் வெற்றிலை எச்சில் துப்ப நாலடி தள்ளிப் போயிருந்தான். மூட்டை, அங்கே நிழலில் படுத்திருந்த இந்த நாயின் மேல் விழுந்தது. கம்பெனி ஆள் வெள்ளைக் கால்சராயோடு ஓடிவந்து பார்த்தான். "நாய்தானே? சரி, சரி, வேலையைப் பாருங்க" என்றான். மத்தியானம் அதே கயிற்றை முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்தார்கள். அந்த முடிச்சை நினைத்தால் கேட்டவனான எனக்கே வயிறு எரிகிறது.

"லோகநாதன் செத்திருந்தா 'கூலிதானே'ன்னு சொல்லியிருப்பான், அவ்ளோதான் வித்தியாசம்" என்பார் அமீருதீன். அன்று நாயைக் கோணியில் சுற்றித் தோளில் போட்டு வந்திருக்கிறார். கேட்டில் போலீஸ்காரர் இன்னா சாமான் என்று கேட்டதற்கு, "கம்பெனி ஒடச்ச சாமான்" என்றாராம்.

இந்த மாதம் அந்த நாய்க்காக இரண்டு நாள் வேலை போயிற்று. ஒருநாள் மாட்டாஸ்பத்திரி. இன்னொரு நாள், நாய்க்கு லைசென்ஸ் வில்லை வாங்கக் கார்ப்பரேஷன் கச்சேரிக்குப் போனார். கழுத்தில் வில்லை இல்லாத நாயை நாய்வண்டிக்காரர்கள் சுருக்குப் போட்டுப் பிடித்துப்போய்க் கொன்றுவிடுவார்கள். கச்சேரி குமாஸ்தா எட்டிப் பார்த்து, "நொண்டி நாய்க்கு எதுக்குய்யா வில்லை? வண்டியிலே குடுத்துடு" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டான். ஒரே மாதத்தில் சொல்லாமல் மூன்றாவது நாளும் வேலைக்கு நின்றுவிட்டால் கம்பெனி 417-ஐப் பிடுங்கிக்கொள்ளும். அது சந்து முழுக்கத் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை, அவர் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் நாய்வண்டி சந்துக்குள் திரும்பியது. வந்தால் மத்தியானம் வரை இந்தப் பக்கத்துச் சந்துகளிலேயேதான் சுற்றும். நாயை வீட்டுக்குள் சேர்க்காத ஷரீஃபுன்னிசா, அவர் மனைவி, தானே வாசலுக்கு வந்தாள். "இன்னாங்க, ஒரு வேளைக்கு உள்ள போட்டுக் கதவை சாத்திக்கலாம். அப்புறம் நான் கயுவி வுட்டுக்கிறேன்."

"ஒளிச்சி வைக்க அது இன்னா திருட்டு சாமானா? அது இன்னா தப்பு பண்ணிச்சி? தப்பு பண்ணவன் நெஞ்ச நிமித்திகினு நடக்கிறான், இது ஒளியணுமா?"

சுருக்குக் கம்போடு வந்தவன் பெட்டியருகே நின்றான். நாய் முன்னங்காலை ஊன்றி எழப் பார்த்தது, முடியவில்லை. அமீருதீன் கழுத்திலிருந்த கறுப்புக் கயிற்றைத் தலைவழியாக உருவினார். குந்தி உட்கார்ந்து நாயின் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிந்தார்.

"நம்பர் கீது பாரு, பட்ச்சிக்கோ" என்றார்.

வண்டிக்காரன் குனிந்து வில்லையைப் புரட்டிப் பார்த்தான். நாய் வில்லைக்கும் துறைமுக வில்லைக்கும் வித்தியாசம் தெரியாதவனா அவன்? அவர் வெறுங்கழுத்தையும் பார்த்தான்.

"எனக்கு எய்த்து தெரியாது மாமு. கய்த்துல பித்தள கீது. போறேன்" என்று சொல்லிக் கம்பைத் தோளில் சாத்திக்கொண்டான். வண்டி அடுத்த சந்துக்குள் போயிற்று.

வேலைக்குக் கூப்பிடும் துறைமுகச் சங்கு ஊதிற்று. "மூணாவது நாளுங்க" என்றாள் ஷரீஃபுன்னிசா. அவர் வில்லையை நாயின் கழுத்திலேயே விட்டுவிட்டு எழுந்தார். நாய் அவர் கையை நன்றாக நக்கியிருந்தது. தகர டப்பாவிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளித் தேய்த்தார். "ஒண்ணு" என்றார். கெங்கம்மா குடத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை ஒன்றும் சொல்லவில்லை. யாரையும் சொல்லவில்லை. ஏழு வரை நிறுத்தாமல் எண்ணி, கடைசிக் கைத்தண்ணீரைச் சங்குச் சத்தம் வந்த பக்கமாக ஓங்கி உதறினார்.