தூங்கும் அம்மாவை வரைந்தது

பதினாறு வயதில் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. பள்ளிக்கூடம்தான் வீட்டுக்கு வந்தது. மூச்சிழுப்பு நோய் என்னை மாதத்தில் பாதி நாள் படுக்கையில் போட்டதால், அம்மா என்னை ஓர் இணையப் பள்ளியில் சேர்த்துவிட்டார். படிப்பை முடிக்க நுண்கலையில் அரை கிரெடிட் வாங்கியாக வேண்டும். வீட்டிலேயே வரைந்து, படமெடுத்து அனுப்ப வேண்டும். ஓவிய மிஸ் கோலாலம்பூரில் இருந்தார். வகுப்பில் என்னோடு பதினொரு பேர். அத்தனை பேரும் கேமராவை அணைத்து வைத்திருப்போம். மற்றவர்களில் ஒருவர் முகமும் இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி ஒன்றின் நான்காவது மாடியில் எங்கள் வீடு. அப்பாவுக்கு ஜோகூரில் லாரி ஓட்டும் வேலை. மாதம் ஒரு முறை வருவார். அம்மாவுக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் எப்போதும் இரவு ஷிப்ட். காலையில் வந்து குளித்து, சமைத்து வைத்துவிட்டு, ஹாலில் மெத்தையைப் போட்டுப் படுப்பார். அறையில் வெயில் அடிக்கும். ஹாலில்தான் காற்று வரும். அவர் தூங்கும்போது நாற்காலியை இழுக்கக் கூடாது, குழாயை முழுதாகத் திறக்கக் கூடாது. ரப்பரைக்கூட நான் மெதுவாகத்தான் தேய்ப்பேன். ஒரே வீட்டில் இரண்டு பேர் இருந்தோம். பேசிக்கொண்டது நாளைக்குப் பத்து வார்த்தை இருக்கும். சாப்பிட்டியா, மருந்து எடுத்தியா, கதவப் பூட்டு.

கிண்ணம், சன்னல், செருப்பு எல்லாம் வரைந்தாயிற்று. கடைசி வேலை உருவப்படம். உயிருள்ள ஒருவரை நேரில் பார்த்து வரைய வேண்டும். ஓவியத்துக்குப் பக்கத்தில் அவர் நிற்கும் புகைப்படத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும். இல்லையென்றால் கிரெடிட் கிடையாது. எனக்கு எதிரில் வந்து உட்கார யார் இருந்தார்கள்? படுத்திருப்பவர் ஒருவர் இருந்தார்.

அம்மா புரளாமல் தூங்குவார். மல்லாந்து, கைகளை வயிற்றின் மேல் கோத்து, மார்புவரை வெள்ளைப் போர்வையோடு, போர்வைக்கு வெளியே நீட்டிய கால்களின் கட்டைவிரல்கள் ஒன்றையொன்று தொட்டபடி. மதியம் மதியமாக வரைந்தேன். தாலிக்கயிற்றில் மாட்டிய ஊக்கு, தாடைக்கடியில் மச்சம், வலது குதிகாலில் வெடிப்பு. அந்த மதியங்கள் எனக்குப் பிடித்திருந்தன என்று சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ஒரு மனித முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்து எத்தனையோ மாதங்கள் ஆகியிருந்தன.

பாதியில் மிஸ்ஸுக்கு அனுப்பினேன். நன்றாக வருகிறது, தலைக்கு மேலே மூலை காலியாகக் கிடக்கிறது, வீட்டில் அழகான பொருள் ஏதாவது இருந்தால் வை என்று பதில் வந்தது. சாமி மேடையிலிருந்து காமாட்சி விளக்கை எடுத்து வந்து அம்மாவின் தலைமாட்டில் வைத்து வரைந்தேன். ஏற்றவில்லை, சுடரை மட்டும் என் கற்பனையில் போட்டுக்கொண்டேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. மிஸ், இப்போதுதான் படம் முழுமையாக இருக்கிறது என்று பாராட்டினார். நான் மிதந்தேன்.

மறுநாள் மாலை அம்மா எழுந்ததும் ஓவியத்தை நீட்டி, பக்கத்தில் நிற்கச் சொன்னேன். பார்த்தவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"என்னடி இது? உயிரோட இருக்கிறவள ஹால்ல கெடத்தி, தலைமாட்டுல வெளக்கு ஏத்தி வச்சிருக்கே? கால் வெரலையும் சேத்துக் கட்டிட்டியா?"

செத்தவர்களை அப்படித்தான் கிடத்துவார்கள் என்று எங்கள் வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. புகை ஆகாது என்று அம்மா என்னை எந்தச் சாவு வீட்டுக்கும் கூட்டிப் போனதில்லை.

"மிஸ்தான் மூலை காலியா இருக்குன்னாங்க."

"ஒங்க மிஸ்ஸுக்கு என்னா தெரியும்? மொத அந்த வெளக்க அழி லா!"

அழித்தேன். அந்த இடத்தில் தாள் பஞ்சு பஞ்சாக எழும்பியது. அம்மா விடவில்லை. "இன்னும் படுத்துத்தான் கெடக்கிறேன். எழுப்பி ஒக்கார வை."

"நீங்க ஒக்காந்தாத்தானேம்மா வரைய முடியும்? நீங்க எப்ப ஒக்காந்தீங்க?"

எனக்குக் கோபம் வந்தால் மானத்தை வாங்குவதற்கென்றே அழுகையும் கூட வந்துவிடும். அம்மா தாளை மறுபடி எடுத்தார். மச்சத்தில் விரலை வைத்தார், ஊக்கில் வைத்தார், குதிகால் வெடிப்பில் வைத்தவர் எடுக்கவே இல்லை.

"இவ்ளோ நேரமா என்னையே பாத்துக்கிட்டு இருந்தே?"

"பாக்க வேற யாரு இருக்கா?"

அடுத்த நாள் ஒரு மணி நேரம் முன்னதாகவே எழுந்துவிட்டார். தலை சீவி, பொட்டு வைத்து, வேலைக்குப் போடும் நீலச் சட்டையோடு வந்து நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தார். நான் புதுத் தாளை எடுத்தேன். கண்ணில் தொடங்கலாம் என்று நிமிர்ந்தால், அந்தக் கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

"மத்தியானமெல்லாம் தனியா என்னாதான் பண்ணுவே?" என்றார்.

அவ்வளவுதான், மடை திறந்தது. எதிர் பிளாக்கில் துணி காயப்போடும் ஆள் எந்தக் கிழமை எந்தச் சட்டை போடுவார் என்பதுவரை சொன்னேன். இழுப்பு வந்தபோது அவரை எழுப்ப மனமில்லாமல், மருந்தோடு குளியலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் சொல்லிவிட்டேன். அம்மா திட்டவில்லை. எழுப்பக் கூடாதா என்று மட்டும் கேட்டு, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கீழே கம்பெனி பஸ் ஹார்ன் அடித்தது. அம்மா எழுந்து, என் தோளுக்கு மேலாகத் தாளை எட்டிப் பார்த்தார். ஒரு கோடுகூட இல்லை.

"ஒண்ணுமே வரையலியே. இன்னும் எத்தன நாளு ஒக்காரணும்?"

ஒருவரை எதிரே உட்கார வைத்து வரைய மூன்று நாள் போதும் என்றுதான் மிஸ் சொல்லியிருந்தார்.

"பத்து நாள்மா" என்றேன்.