எலும்புக்குள் போய்வரும் சேதி

லேப் டெக்னீஷியன் வேலையில் ஆளின் முகம் மறந்துபோகும், ரத்தம் மறக்காது. என்னைப்போல் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தே கழுத்து வலி வாங்கியவர்களுக்கு இது தெரியும். எண்பதுகளில் ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

நல்லி

புளி உலுக்கும்போது மரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து வந்தார் மலைக்காரர் சின்னாண்டி. மாவுக்கட்டு போட்டாயிற்று. ஆனால் ரத்தம் இருக்கவேண்டியதில் பாதிகூட இல்லை. ரத்தப் புற்றுநோயாக இருக்குமோ என்று எங்கள் டாக்டரம்மாவுக்குப் பயம். மார்பெலும்பில் ஊசி இறக்கி உள்ளே இருக்கும் மஜ்ஜையை உறிஞ்சினார். சின்னாண்டி முனகக்கூட இல்லை. அவர் கையைப் பிடித்திருந்த மனைவி அலமேலுதான் கேட்டாள்: "ஆட்டு நல்லிய நாங்க உறிஞ்சுவோம். இவரோடத நீங்க உறிஞ்சறீங்களா?"

ஒரு பொட்டு நீலம்

கண்ணாடித் துண்டில் மஜ்ஜையைத் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். புற்றுநோய் இல்லை. இளம் சிவப்பணுக்கள் திருவிழாக் கூட்டமாக நெருக்கியடித்தன. இரும்புச்சத்து இருந்தால் நீலமாகக் காட்டும் சாயத்தைப் போட்டேன். ஒரு பொட்டு நீலம்கூட இல்லை. மலத்தைச் சோதித்ததில் காரணம் தெரிந்தது: கொக்கிப்புழு குடலில் உட்கார்ந்து ரத்தத்தைக் குடித்துத் தீர்த்திருந்தது.

டாக்டரம்மா விளக்கினார்: ரத்தம் குறைந்ததும் சிறுநீரகம் ஒரு புரதத்தைத் தூது அனுப்புமாம், மஜ்ஜை அதைக் கேட்டு அணுக்களைப் பெருக்குமாம். எலும்பிலும் பழசை அரிக்கும் அணுவும் புதுசு கட்டும் அணுவும் சேதி சொல்லிக்கொண்டேதான் வேலை செய்யுமாம். இத்தனை வருஷம் பார்த்ததெல்லாம் ஊமைப் புள்ளிகள் என்றல்லவா நினைத்திருந்தேன்! எனக்கு உடம்பு சிலிர்த்தது. டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கொத்தனாருங்க எல்லாரும் வந்து நிக்கறாங்க, இரும்புங்கற செங்கல்தான் வரல."

பக்கத்தில் படுப்பவள்

புழு மாத்திரையும் இரும்பு மாத்திரையும் கொடுத்தோம். அடுத்த வாரமே ரத்தத்தில் புது அணுக்கள் தலைகாட்டின. கட்டைப் பிரிக்கும் நாளில் எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. அலமேலுவிடம் இந்தத் தூதுக் கதையை எல்லாம் சொன்னேன்.

"விழறதுக்கு முன்னாடியே தலை சுத்துச்சா?" என்று டாக்டரம்மா கேட்டார். சின்னாண்டி ஆமாம் என்று தலையை ஆட்டினார். துருவிக் கேட்டதில், மழைக்காலத்திலிருந்தே அப்படித்தானாம். அலமேலுவின் கண் நிறைந்துவிட்டது. "இன்னா மனுசன் பாருங்க. உள்ள எலும்பு வரைக்கும் ஒண்ணுக்கொண்ணு சேதி சொல்லிக்கிது. பக்கத்துல படுக்கற எனக்கு இவரு ஒரு வார்த்த சொல்லலியே."

அன்றிலிருந்து எனக்குத் தலை சுற்றினால் முதலில் தெரிவது என் வீட்டுக்காரிக்குத்தான், மைக்ரோஸ்கோப்புக்கு அப்புறம்தான்.