வருத்தக்காரரைப் பார்க்கும் படிப்பு

உயர்தரப் பரீட்சை முடிவு வந்த அன்று எங்கள் வீட்டில் யாரும் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கலைப்பிரிவில், பல்கலைக்கழகத்துக்குக் கொஞ்சம் காணாத பெறுபேறு. பெயில் என்று ஏசவும் முடியாது, பாஸ் என்று பொங்கல் பொங்கவும் முடியாது. அப்பா "சரி, வயல் கிடக்குது" என்று சொல்லி மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் பக்கம் போனார். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் திறந்திருந்த நேரம். அந்த நாட்களில் எங்கள் முரசுமோட்டையில் எவர் வீட்டுப் பிள்ளையின் பெறுபேற்றையும்விட எவர் வயலுக்கு முதலில் தண்ணீர் பாய்ந்தது என்பதுதான் பெரிய கதை.

நான் குசினிக்குள் போய் அம்மாவுக்குச் சோறு குழைத்தேன். என்ன முடிவு வந்தாலும் அம்மாவுக்குப் பசிக்கும் அல்லவா.

அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. வலது காலும் வலது கையும் விழுந்தன. கால் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது, கை வரவில்லை. அக்கா கலியாணம் கட்டி நெடுங்கேணிக்குப் போய்விட்டாள். அப்பா வயலோடு. ஆகவே அம்மா என் பொறுப்பு. சோறு ஊட்டுவது, சட்டைக்குப் பொத்தான் பூட்டுவது, தலை இழுத்துப் பின்னிவிடுவது எல்லாம் நான்தான். அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே இறங்கும் தலைமயிர். பின்னல் பின்னுவதில் நான் கெட்டிக்காரன், அதில் எனக்கு வெட்கம் கிடையாது. பக்கத்து வளவு மாமி ஒருநாள், "உனக்குப் பொம்பிளை பாக்கத் தேவையில்லை, நீயே ஒரு பொம்பிளைதான்" என்று பகிடி விட்டார். "உங்கட தலையையும் கொண்டாங்கோ மாமி, பின்னி விடுறன். ஆனா அதுக்கு மயிர் வேணுமே" என்றேன். மாமி கொஞ்சக் காலம் எங்கள் படலைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அது அப்பாவிடமிருந்து வந்தது.

பெறுபேற்றுக்குப் பிறகு எல்லோரிடமும் எனக்கென்று ஒரு திட்டம் இருந்தது. லண்டனில் இருக்கும் மாமா வீடியோவில் வந்து, மாணவர் விசாவில் வரச்சொன்னார்.

"அங்க என்ன படிக்கிறது மாமா?" என்று கேட்டேன்.

"எதையாவது படியடா மருமோன். வந்து சேர்ந்தாக் காணும்."

அந்த 'எதையாவது' எனக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாக நின்றது. எங்கள் பக்கத்தில் வெளிநாடு போவது என்றால் அப்படித்தான். முதலில் நாடு, பிறகு வேலை. என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை, எந்த நாடு என்றுதான் கேட்பார்கள். எனக்கோ கதை தலைகீழாக இருந்தது. நாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது, எனக்குப் பிடித்த வேலை எதுவென்று மட்டும் தெரியும். ஏலாத ஒருவரைக் குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றி, கதிரையில் இருத்தும்போது அவர் முகத்தில் ஒரு தெளிவு வரும். அதைப் பார்ப்பதில் எனக்கு உண்மையாகவே சந்தோசம். தாதியர் படிப்புக்கு விஞ்ஞானம் வேண்டும், என்னிடம் இருந்தது தமிழும் வரலாறும். அப்போதுதான் கிளிநொச்சியில் முதியோர் பராமரிப்புக்கு ஒரு வருடப் பயிற்சி நடப்பதை அறிந்தேன். கூடவே ஜப்பான் மொழி. செய்முறைத் தேர்வில் தேறுகிறவர்களை ஜப்பானில் உள்ள முதியோர் இல்லங்களின் நேர்முகத்துக்கு அனுப்புவார்கள்.

வீட்டில் சொன்னேன். அப்பா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"கிழடுகளைக் கழுவித் துடைக்கவோ உன்னைப் படிப்பிச்சனான்?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது, சொல்ல வாயும் திறந்தேன். ஆனால் அவர் உடனேயே குரலைத் தாழ்த்தி அடுத்ததைக் கேட்டார்.

"நீ போனா கொம்மாவை ஆர் பாக்கிறது?"

நான் அவர் தள்ளிவைத்த கோப்பையை எடுத்துக் கழுவப் போனேன். ஊரில் கதை இன்னும் காரமாக நடந்தது. பெற்ற தாயை விட்டுவிட்டு ஊரான் தாயைக் கழுவப் போகிறானாம் என்று சொன்னார்களாம். என் முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை, ஆனால் என் காதுக்கு வரும்படிதான் சொன்னார்கள். எனக்கு வந்தது கோபம் அல்ல, நோவு. ஏனென்றால் அதையே நானும் எனக்குள் பலமுறை கேட்டிருந்தேன்.

அம்மாதான் முடித்துவைத்தார். "முதல்ல படிக்கட்டும். போறதைப் பிறகு பாப்பம்."

விடிய எழும்பி அம்மாவின் வேலைகளை முடித்துவிட்டு, பரந்தன் வழியாகக் கிளிநொச்சிக்கு பஸ் பிடிப்பேன். அம்மாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே ஜப்பான் எழுத்துகளைப் பாடமாக்குவேன். அம்மா மென்றபடி தலையாட்டுவார். பயிற்சி நிலையத்தில் கட்டில்கள் வரிசையாக இருந்தன. நாங்களே மாறிமாறி வருத்தக்காரராகப் படுப்போம். படிப்பித்த மிஸ் வவுனியாக்காரி. ஜப்பானில் இதே வேலையைச் செய்துவிட்டுத் திரும்பியவர். குரலை உயர்த்தாத மனுசி. கட்டில் விரிப்பதென்றாலும் ஆளைப் புரட்டுவதென்றாலும் வகுப்பில் நான்தான் முன்னுக்கு. மற்றவர்கள் பொம்மையில் பழகிய வேலையை நான் வீட்டில் பழகிவிட்டு வந்தவன். அந்தத் திமிரும் கொஞ்சம் இருந்தது.

செய்முறைத் தேர்வில் எனக்கு விழுந்த வேலையைப் பார்த்து வகுப்பே சிரித்தது. வலப்பக்கம் ஏலாத முதியவர் ஒருவருக்குச் சட்டை மாற்றி, சாப்பாடு கொடுக்க வேண்டும். வீட்டில் தினமும் செய்யும் வேலையே சோதனைக்கு வந்திருக்கிறது என்று நினைத்தேன். என்னோடு படித்த ஒருவன் முதியவராக இருந்தான். சட்டையை நோகாமல் போட்டேன். பொத்தான்களைப் பூட்டினேன். தலை இழுத்துவிட்டேன். ஊட்டினேன், வாய் துடைத்தேன். மற்றவர்கள் பாதியில் நிற்க, நான் முடித்துவிட்டு மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தேன்.

மிஸ் என்னைப் பார்க்கவில்லை. கதிரையில் இருந்தவனிடம் கேட்டார். "ஐயா, நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"நான் ஒண்டும் செய்யேல்லை மிஸ். சும்மா இருந்தனான்."

"உங்கட இடது கை?"

அவன் கையைத் தூக்கிப் பார்த்தான். "அதுவும் சும்மாதான் இருந்தது."

மிஸ் என் பக்கம் திரும்பினார். "தம்பி, இவருக்கு ஒரு கை நல்லாக் கிடந்தது. நீங்கள் அதையும் ஏலாமல் ஆக்கிப்போட்டீங்கள்."

நான் பெயில். நான் மட்டுமல்ல, வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அதே பிழையில்தான் விழுந்தோம். எங்கள் பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் இதில்தான் விழுவது என்று மிஸ் சொன்னார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "வருத்தக்காரரை வேலை செய்ய விட்டாப் பாவமெல்லே மிஸ்?" என்று கேட்டேன்.

"ஆர் பாவம் எண்டு சொல்லுறது? அவரோ, பாக்க வாற ஆக்களோ?"

திரும்பத் தேர்வு வைக்கும்வரை வீட்டில் பழகிக்கொண்டு வரச்சொன்னார். கை தன்பாட்டில் உதவப் போனால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதுதான் பாடம்.

பஸ்ஸில் வரும்போது மிஸ்ஸை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். பரந்தன் தாண்ட, வேறொன்று நினைவுக்கு வந்தது. அம்மா ஆஸ்பத்திரியால் வந்த புதிதில் ஆட்கள் பிஸ்கட்டும் முந்திரிகையும் கொண்டு பார்க்க வருவார்கள். வந்து கதிரையில் இருந்ததும் முதலில் பார்ப்பது அம்மாவை அல்ல, நாங்கள் அம்மாவை எப்படி வைத்திருக்கிறோம் என்பதைத்தான். ஒருநாள் அம்மா இடது கையால் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பிடித்துக் குடித்தார். கொஞ்சம் சட்டையில் சிந்திவிட்டது. பக்கத்து வளவு மாமி உச்சுக் கொட்டி, "பாவம், இதைக்கூடப் பிடிச்சுக் குடுக்க ஆளில்லையோ" என்றார். அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. அடுத்த நாளிலிருந்து கோப்பையை நான் பிடித்தேன். அம்மாவின் இடது கை அன்றோடு மடியில் போய் இருந்துகொண்டது.

மறுநாள் காலை அம்மாவுக்குச் சட்டையைப் போட்டுவிட்டுப் பின்வாங்கி நின்றேன். "அம்மா, இண்டைக்கு நீங்களே பொத்தானைப் பூட்டுங்கோ. இது எனக்குச் சோதினைக்குப் பயிற்சி."

அம்மா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு இடது கையால் அடிப் பொத்தானில் தொடங்கினார். விரலால் துணியை மடித்து, பெருவிரலால் தள்ளி, ஒவ்வொன்றாக மேலே வந்தார். தடுமாற்றமே இல்லை. முதல் தடவையாகச் செய்கிறவர் மேலிருந்துதான் தொடங்குவார். கீழிருந்து வந்தால் துணி இழுபடாது என்பது பலமுறை பூட்டிப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

"எப்ப பழகினீங்கள்?"

"நீ பள்ளிக்கூடம் போன நேரமெல்லாம் நான் சுவரைப் பாத்துக்கொண்டோ இருக்கிறது?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. "அப்ப ஏன் இவ்வளவு நாளும் என்னைப் பூட்ட விட்டனீங்கள்?"

அம்மா கழுத்துப் பொத்தானைப் பூட்டி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "சோதினை முடிவு வந்து நீ முகம் செத்துப்போய்த் திரிஞ்சனி. காலமை எழும்பினா உனக்கெண்டு செய்ய ஒரு வேலையாவது இருக்கட்டும் எண்டு விட்டனான்."

இவ்வளவு காலமும் நான் அம்மாவைப் பார்க்கிறேன் என்று நினைத்திருந்தேன். சோற்றுக் கோப்பையையும் கரண்டியையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பின்வாங்கினேன். அந்த நேரம் பார்த்து அப்பா வந்தார். சோற்றுக் கோப்பையை அம்மா தன்பக்கம் இழுப்பதையும், நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதையும் கண்டு பாய்ந்தார்.

"என்னடா, கொம்மா கஷ்டப்பட நீ விடுப்புப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்?"

"இஞ்சேருங்கோ, அவன் படிக்கிறான். குழப்பாதேங்கோ" என்றார் அம்மா.

அப்பா வாசலிலேயே நின்றார். அம்மா கரண்டியால் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்தார். பிறகு அம்மாவின் காலடியில் சிந்தியிருந்த சோற்றைக் கோழிகளுக்குக் கூட்டித் தள்ளிவிட்டு வயலுக்குப் போனார்.

இரண்டாம் தேர்வில் தேறினேன். நேர்முகமும் சரிவந்தது. அதற்கிடையில் அம்மா கோப்பை, கரண்டி, பொத்தான், செருப்பு என்று ஒவ்வொன்றாக என்னிடமிருந்து பறித்துக்கொண்டார். ஒன்று மட்டும் மிஞ்சியது. ஒற்றைக் கையால் பின்னல் பின்ன முடியாது. எந்தப் பாடத்திலும் அதற்கு வழி இல்லை. அப்பாவுக்குப் பழக்கிப் பார்த்தேன். அவர் போட்டது நெல்மூட்டை கட்டும் முடிச்சு, அவிழ்க்க எனக்கு அரைநாள் போனது. அம்மா சிரித்துக் கண்ணீர் விட்டார். நான் சிரித்தேனே தவிர, மனதுக்குள் அந்தப் பின்னல் கிடந்து உறுத்தியது. மற்றதெல்லாம் முடிந்தும் இது ஒன்றுக்காகப் போகாமல் விடலாமா என்றுகூட நினைத்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே அம்மாவுக்கு விளங்கியிருக்கிறது.

விசா கிடைத்த கடவுச்சீட்டோடு நான் கொழும்பால் வந்து இறங்கிய அன்று அக்கா நெடுங்கேணியிலிருந்து வந்திருந்தாள். குசினி வாசலில் நின்று என் முகத்தைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்தாள். அம்மா முற்றத்துக் கதிரையில் இருந்தார். தலைமயிர் கழுத்தோடு நின்றது. வெட்டிய பின்னலை அக்கா ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

எங்கள் அம்மா தலைமயிர் வெட்டுகிற மனுசி அல்ல. யுத்த இடப்பெயர்வுக் காலத்தில் தண்ணீர் இல்லாமல் பேன் பிடித்தபோதும் வெட்டாதவர். நான் கடவுச்சீட்டை மடியில் வைத்துக்கொண்டு அவர் காலடியில் இருந்து அழுதேன். சின்னப் பிள்ளை மாதிரி, மூக்கு ஒழுக ஒழுக அழுதேன்.

"எழும்பு. ஆக்கள் பாக்கினம்" என்றார் அம்மா. பக்கத்து வளவு மாமி வேலிக்கு மேலால் உண்மையாகவே பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

அம்மா இடது கையால் சீப்பை எடுத்துத் தலையை இழுத்தார். வகிடு கோணலாக வந்தது. நேராக்கிவிட என் கை எழும்பியது. அம்மா அதைக் கண்டார்.

"கையைப் பின்னால கட்டு" என்றார்.

கட்டிக்கொண்டேன்.