ஆத்தூர்த் தண்ணீர் குடித்த சிப்பிகள்

திண்டுக்கல்லுக்கு வாக்கப்பட்டு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஒருமுறை சொன்னால் போதும். வீட்டில் பன்னிரண்டு வருடமாக ஒரே பாடத்தை நடத்திக்கொண்டிருக்கிறேன், ஒருவர் தலையிலும் ஏறியபாடில்லை. பாடம் இதுதான்: சிப்பியைத் தண்ணீரில் போடாதீர்கள்.

நான் குளச்சல் பக்கத்துக் கடற்கரையில் பிறந்தவள். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் கறி கிடையாது என்பதால், வருடா வருடம் ஒரு வாரம் என் அண்ணன் ஊரிலிருந்து பாறைச் சிப்பியை பஸ்ஸில் கொடுத்து அனுப்புவான். உயிரோடு. ஈரச் சாக்கில் சுற்றிக் குளிரில் வைத்தால் ஒன்றிரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு கிடக்கும். பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் மூச்சு முட்டும். உப்பில்லாத நல்ல தண்ணீரில் கிடந்தால் செத்துப்போகும். செத்ததற்குள் கிருமி பெருக எங்கள் ஊர் வெயிலில் அரை நாள் தாராளம்.

இந்த வருடம் வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லியிருந்தேன். காரணம் என் மாமனார். அவருக்குக் கல்லீரல் கெட்டுப்போயிருப்பது போன வருடம்தான் தெரிந்தது. “கடல் சாமான் கெட்டதோ அரைவேக்காடோ உள்ள போனா, மத்தவங்களுக்கு வயித்துப்போக்கோட நிக்கலாம். இவருக்கு உயிருக்கே ஆபத்து” என்று டாக்டர் மாமா, அத்தை, என் கணவர், நான் என நான்கு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். நான்கு பேரும் தலையாட்டினோம். காதில் வாங்கியது நான் ஒருத்திதான். இல்லையென்றால் மாமாவே எனக்குத் தெரியாமல் என் அண்ணனுக்குப் போன் போட்டுச் சிப்பி கேட்டிருப்பாரா?

வியாழக்கிழமை சாயங்காலம் சாக்கு வந்து சேர்ந்தது. என் கணவர் பஸ் ஸ்டாண்டிலிருந்து வெயில் படாமல் கொண்டுவந்தார், அதுவரை சரி. ஒவ்வொரு சிப்பியாக எடுத்தேன். வாய் திறந்திருந்ததை விரலால் தட்டினேன். மூடியதை வைத்துக்கொண்டேன், மூடாததைச் செத்தது என்று தூக்கி எறிந்தேன். ஈரத்துணியில் சுற்றி பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தேன்.

“அத்தை, நாளைக்கு நான் ஸ்கூல்ல இருந்து வாரவரைக்கும் இதத் தொடாதீங்க. நானே வந்து நல்லா வேகவைக்கிறேன்.”

“நான் ஏன் ஆத்தா தொடப்போறேன்?” என்றார் மாமியார்.

மறுநாள் நான் வந்தபோது மணி நாலரை. அடுப்படி மூலையில் பெரிய அண்டா. அதில் முக்கால்வாசித் தண்ணீர், அடியில் என் சிப்பிகள். வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. குனிந்தபோதே நாற்றம் அடித்தது.

“பிரிட்ஜுக்குள்ள வெறைச்சுப்போயிக் கெடந்துச்சுகத்தா. காலையில பாத்தேன், பாவமா இருந்துச்சு. அம்புட்டுத் தூரம் பஸ்ஸுல வந்ததுக, ஒரு வாய்த் தண்ணி குடுக்காம இருக்க முடியுமா? ஆத்தூர்த் தண்ணிதான் ஊத்தியிருக்கேன்” என்றார் அத்தை.

ஆத்தூர்த் தண்ணீர்! ஆத்தூர் அணையின் அந்தக் குடிநீர் எங்கள் தெருக் குழாயில் சில நாட்களுக்கு ஒருமுறைதான் வரும். அதில் ஒரு டம்ளரைக்கூடக் கழுவ என்னை விடமாட்டார். கழுவுவதற்கெல்லாம் போர் தண்ணீர். வந்த விருந்தாளிக்கு மட்டும் குடத்தைத் திறந்து மொண்டு கொடுப்பார். அந்த மரியாதையைச் சிப்பிக்குச் செய்திருக்கிறார். போதாததற்குக் கல் உப்பு வேறு ஒரு கை. கடலில்தான் கிடக்கிறோம் என்று அதுகள் நினைத்துக்கொள்ளட்டுமாம். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். ஒன்றுகூட மூடவில்லை.

“நல்லா வேகவச்சா கிருமியெல்லாம் செத்துரும்ல?” என்றார் என் கணவர், படித்த மனிதர்.

“கிருமி சாகும். அது கக்கி வச்ச விஷம் சாகுமா?”

அண்டாவைக் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போய், முருங்கை மரத்தடியில் குழி தோண்டி எல்லாவற்றையும் புதைத்தேன். நான் மண்வெட்டி பிடித்ததை ஒருவரும் வந்து பார்க்கவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கையைக் கழுவிவிட்டு உள்ளே வந்தால், சிறுமலை மிளகு வறுபட்ட வாசனை. மாமாவுக்காக ஒரு கைப்பிடிச் சிப்பியை நான் வருவதற்கு முன்பே எடுத்து ஒளித்துவைத்திருந்தார் அத்தை. மாமா தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு சிப்பிச் சதை அவர் விரல்களில் இருந்தது.

பாய்ந்து தட்டைப் பிடுங்கினேன். பன்னிரண்டு வருடத்தில் அவர் முன்னால் நான் குரலை உயர்த்தியதில்லை.

“தின்னுட்டீங்களா மாமா?”

“இனிமேத்தான்” என்றார், திடுக்கிட்டுப்போய்.

“கையில இருக்கிறதையும் போடுங்க. எங்க அப்பாவையும் கல்லீரல்தான் கொண்டுபோச்சு. இன்னொரு தடவை அப்படி ஆஸ்பத்திரி வாசல்ல நிக்க என்னால முடியாது.”

கத்திவிட்டேன். அடுத்த வீட்டுக்கே கேட்டிருக்கும். கோபத்தில் அழுகையும் வந்துவிட்டது, அது இன்னும் எரிச்சலாக இருந்தது. மாமா விரலில் இருந்ததை நான் நீட்டிய தட்டில் போட்டார். அத்தை முகம் செத்துப்போயிருந்தது.

“நான் ஊத்துன தண்ணியாலயாத்தா இம்புட்டும்?” என்று மெதுவாகக் கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“ஆமா அத்தை” என்றேன்.

பிறகு மாமா, “ரசம் இருக்கா?” என்று கேட்டார். அத்தை வேறு தட்டு வைத்துச் சோறு போட்டு ரசம் ஊற்றினார். அவர் சாப்பிட்டு எழுந்து கைகழுவப் போகும்வரை, பிடுங்கிய தட்டை நான் கீழே வைக்கவில்லை.