மழை வேணும் எண்டு கேட்டு ரிக்கெற் போட்ட கதை

இண்டைக்கு லஞ்ச் மேசையிலை என்ரை அமேசன் பயணம் செத்துப் பிழைச்சுது!

பிரேசிலிலை, அமேசன் காட்டுக்கு நடுவிலை, ஆத்தோரமா இருக்கிற ஊர் மனாவுஸ். அங்கை ஆத்திலை றோஸ் நிறத்திலை டொல்பின் நீந்துமாம். கலியாணம் கட்டின நாளிலை இருந்து இவரிட்டைக் கேட்டுக் கேட்டு, இந்த வருசம்தான் மனிசன் ஒருமாதிரி ஓம் எண்டவர்.

ஒரே பயம் இவரின்ரை முட்டு, அதுதான் ஆஸ்மா. கோடையிலை காட்டுத்தீப் புகை இங்கை ரொறொன்ரோவுக்கு வந்தால், யன்னலெல்லாம் பூட்டிப்போட்டு பம்பும் கையுமா மூச்சிழுத்துக்கொண்டு இருப்பார்.

பிளேன் ரிக்கெற் போடுற அங்கிள் எல்லாம் பாத்துத்தான் சொன்னவர்.

"பிள்ளை, செப்டெம்பர்தான் திறம். மழைக் கரைச்சல் இல்லை."

எங்கடை ஆக்களுக்கு வேறை என்ன வேணும்? கலியாணம், சாமத்தியவீடு, பார்க்கிலை பாபகியூ, எதுக்கும் முதல் கேள்வி மழை வருமோ எண்டதுதானே. நானும் மண்டையை ஆட்டிப்போட்டன். இண்டைக்குப் பின்னேரம் ரிக்கெற் எடுக்கிறதா இருந்தது.

மத்தியானம் லூசியானாவிட்டைப் பெருமையாச் சொன்னன். ரொறொன்ரோவுக்குப் பக்கத்திலை மார்க்கம் எண்ட ஊரிலை எங்கடை ஒவ்வீசிலை என்னோடை வேலை செய்யிறவள். பிறந்து வளந்தது மனாவுஸிலை.

அவள் கரண்டியைக் கீழை வைச்சாள்.

"செப்டெம்பரோ? அப்ப ஊர் முழுக்கப் புகையா இருக்கும். மழை இல்லாத நேரத்திலைதான் காணி துப்பரவாக்கக் காட்டுப் பக்கம் எரிக்கிறவை. சில நாள் அக்கரையே தெரியாது. என்ரை அம்மா யன்னல் திறக்கிறதே இல்லை."

(அவள் சொன்னது இங்கிலீஷிலை. கோபம் மட்டும் எங்கடை அன்ரிமாரின்ரை கோபம்.)

நான் சோத்துப் பெட்டியை மூடிப்போட்டன். இவரை உந்தப் புகைக்குள்ளையோ கூட்டிக்கொண்டு போறது? டொல்பினும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம் எண்டு வந்திட்டுது.

"அப்ப நாங்கள் போகவே ஏலாதோ?"

"ஏன் ஏலாது? மார்ச்சிலை போ. மழை புகையையெல்லாம் கழுவிப்போடும். ஆறு ஏறிக் காட்டுக்குள்ளை வரும், மரங்களுக்கு நடுவாலை வள்ளத்திலை போகலாம். டொல்பினும் அதுக்குள்ளை வரும்."

"மழை பெய்யுமெல்லே?"

"கொட்டும். பிறகு வெயில் எறிக்கும். பிறகும் கொட்டும். நனைஞ்சால் துடைக்கலாம், புகையைத் துடைக்கேலுமோ?"

எழும்பி அவளைக் கட்டிப்பிடிச்சுப்போட்டன். (அவளின்ரை சூப் ஊத்துண்டது. மன்னிச்சிட்டாள்.)

உடனை வெளியிலை ஓடிப்போய் இவருக்குக் கோல் எடுத்தன். மனிசன் எல்லாத்தையும் கடைசி வரைக்கும் கேட்டார்.

"அந்தப் புகை எனக்குத் தெரியும். போன கிழமையே தேடிப் பாத்தனான்," எண்டார்.

"பிறகேன் சொல்லேல்லை?"

"நீர் எவ்வளவு ஆசைப்பட்டனீர். ரெண்டு பம்ப் கூடக் கொண்டு போனால் சமாளிக்கலாம் எண்டு நினைச்சன்."

பார்க்கிங் லொட்டிலை நிண்டு அழுதன். சிரிச்சுக்கொண்டேதான் அழுதன். உப்பிடி ஒரு மனிசனை வைச்சு நான் என்ன செய்யிறது!

பின்னேரம் ரெண்டுபேரும் அங்கிளுக்கு ஸ்பீக்கரிலை எடுத்தம்.

"அங்கிள், செப்டெம்பர் வேண்டாம். நல்லா மழை கொட்டுற மாதமாப் பாத்துப் போடுங்கோ."

 அங்கிள் குரலைத் தணிச்சுக் கேட்டார்.

"பிள்ளை, வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?"

இவர் சிரிச்ச சிரிப்பிலை முட்டு வந்திடுமோ எண்டு நான் பயந்துபோனன். ஒருமாதிரிச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஒரு பிரச்சினையும் இல்லை அங்கிள், மார்ச்சிலை போடுங்கோ" எண்டார்.

போட்டாச்சு மக்கள்!

நனையிறதுக்கெண்டே லீவு எடுத்த முதல் யாழ்ப்பாணச் சோடி நாங்கள்தானோ, இல்லை உங்களுக்குள்ளையும் ஆரும் இருக்கிறியளோ?