எல்லா பட்டனையும் அழுத்தும் கிழவர்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கம்பெனியில் அவருக்கு வைத்த பெயர் வாய்ப்பூட்டு. நாள் முழுக்க அவர் பேசுவதை ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம். மிச்சம் வைத்த பேச்சையெல்லாம் அவருடைய அப்பா பேசித் தீர்ப்பார். என் மாமனார் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். பஸ்ஸை விட்டாரே தவிர ஹாரனை விடவில்லை. எங்கள் ஹாலில் காலை முதல் அடித்துக்கொண்டேயிருப்பார்.

போன வருஷம் ஒரு கட்டடத்தில் என் வீட்டுக்காரரும் கூட்டாளி ஒருவரும் லிஃப்ட் கூண்டின் மேல் நின்று வேலை பார்த்தபோது, கீழே எவனோ கட்டையில் போகிறவன் மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டான். கூண்டு நகர்ந்தது. இவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். கூட்டாளிக்கு வலது கை விரல்கள் போயின. அன்றிலிருந்து லிஃப்ட் ஓடும் குழியின் கதவைத் திறந்தாலே இவருக்குக் கை நடுங்கும். இது எனக்கு மட்டும்தான் தெரியும். மாமனார் காதில் விழுந்தால் பயந்தாங்கொள்ளி என்று தெருக்கோடிவரை கேட்கும்படி சொல்வார்.

அந்தக் குழியிலிருந்து எப்படியாவது வெளியே வந்தாக வேண்டும். நாற்பதைத் தாண்டியவருக்கு எவன் புது வேலை கொடுப்பான்? ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவர், "போன்ல விளையாடுற கேம் செய்யக் கத்துக்கப் போறேன்" என்றார். எனக்குக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது.

"உங்களுக்கு என்னங்க ஆச்சு? போன்ல அலாரம் வைக்கவே என்னைத்தான கூப்பிடுவீங்க?"

"கத்துக்கலாம்" என்றார். அவ்வளவுதான். தீப்பெட்டியை மூடிவிட்டார்.

அவருடைய அக்கா மகள் படிப்பு முடித்துவிட்டுத் தந்த பழைய லேப்டாப், இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கும் பாட வீடியோக்கள், அவ்வளவுதான் மூலதனம். விடியற்காலையில் எழுந்து உட்கார்வார். வீடியோவில் ஒரு பையன் படபடவென்று சொல்லிக்கொண்டே போவான். இவர் நிறுத்துவார், திரும்ப ஓடவிடுவார். முதன்முதலாகத் திரையில் ஒரு லிஃப்ட் கூண்டு செய்து ஓடவிட்ட அன்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கூண்டு இறங்கியது, தரைத்தளத்தில் நிற்காமல் தரையையும் தாண்டித் திரைக்குக் கீழே போயே போய்விட்டது. தரை கெட்டியானது என்று கம்ப்யூட்டருக்குத் தனியாகச் சொல்ல வேண்டுமாம். படத்தில் வரைந்தால் மட்டும் போதாதாம்.

"என் சர்வீஸ்ல ஒரு லிஃப்ட்கூட இப்படி விழுந்ததில்ல" என்று சொல்லிச் சிரித்தார். விபத்துக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஹாலில் மாமனார் சும்மா இருப்பாரா? "கழுதை வயசாகுது, பொம்மை விளையாட்டு விளையாடுறான். நான் மழையிலயும் வெயிலயும் பஸ் ஓட்டி வளர்த்த புள்ள!" என்பார். போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் இதே பாட்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவேன்.

தட்டுத் தடுமாறி ஒரு வழியாகக் கேம் முடிந்தது. ஓர் அடுக்குமாடிக் கட்டடம், ஒரே ஒரு லிஃப்ட். மாடிக்கு மாடி ஆட்கள் காத்திருப்பார்கள். நேரமாக ஆக அவர்கள் முகம் சிவக்கும். யாரை முதலில் ஏற்றுவது என்று விளையாடுகிறவர் முடிவு செய்ய வேண்டும். அதில் ஒரு வழுக்கைக் கிழவர் வருவார். உள்ளே ஏறியதும் எல்லா பட்டனையும் அழுத்திவிடுவார். லிஃப்ட் மாடிக்கு மாடி நிற்கும். மற்றவர்கள் கொதித்துப்போவார்கள்.

"இது மாமாதானே?" என்றேன்.

"சத்தமா சொல்லாத" என்றார்.

கேமின் நடுவில் விளம்பரம் வரும். பிடித்துப்போய் யாராவது அதைத் தட்டிப் பார்த்தால் விளம்பரக் கம்பெனி இவருக்குக் காசு தரும். ஆனால் சொந்தக்காரர்கள் உதவி செய்வதாக நினைத்துத் தட்டிவிடக் கூடாது. கண்டுபிடித்தால் கணக்கை மூடிவிடுவார்கள். இதை என்னிடம் சொன்னார், அக்காவிடம் சொன்னார், நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைப் பெண்களிடம்கூடச் சொல்லிவைக்கச் சொன்னார். அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. அப்பாவாவது, இதைத் தொடுவதாவது!

மெல்ல ஆட்கள் விளையாட ஆரம்பித்தார்கள். வருமானமும் ஏறியது, எங்களுக்கே ஆச்சரியம். இப்படியே போனால் பிழைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு பேருக்கும் தோன்றியது. மாசக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு வந்தார். அன்று சாப்பிடும்போது அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுக்கம் இல்லை.

அடுத்த வாரம் மெயில் வந்தது. விளம்பரங்கள் முறைகேடாகத் தட்டப்பட்டிருக்கின்றன, கணக்கு நிரந்தரமாக மூடப்படுகிறது, சேர்ந்த தொகையும் கிடையாது, இனி உங்கள் பெயரில் வேறு கணக்கும் தொடங்க முடியாது. அவ்வளவுதான், தலையில் கல்லைப் போட்டுவிட்டார்கள். நான் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று பதில் எழுதினார். மறுபரிசீலனை செய்தோம், முடிவில் மாற்றமில்லை என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பதில் வந்தது. அந்தப் பக்கம் இருப்பது மனுஷனா மிஷினா என்றுகூடத் தெரியவில்லை. யாரைப் போய்ச் சட்டையைப் பிடிப்பது?

அறையில் கட்டிலில் உட்கார்ந்து அந்த மெயிலையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஹாலில் வழக்கம்போல மாமனாரின் பழைய டிரைவர், கண்டக்டர் கூட்டாளிகள் வந்திருந்தார்கள். கொஞ்ச நாளாகவே தினமும் வந்து எங்கள் வைஃபையில் ஆளுக்கொரு போனைக் குடைந்துகொண்டிருப்பார்கள். நியூஸ் பார்க்கிறார்கள் என்று நினைத்து நானும் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"என்னப்பா, ரெண்டு நாளா விளம்பரமே வர மாட்டேங்குது?" என்றார் ஒருவர்.

"எனக்கும் வரல. சும்மா கேம் மட்டும் ஓடுது."

"வரும், வரும்" என்றது மாமனாரின் குரல். "வந்ததும் விடாம தட்டுங்க. தட்டிட்டு உடனே வெளிய வந்துடாதீங்க, கொஞ்ச நேரம் உள்ள இருங்க. அப்பத்தான் என் புள்ளைக்குக் காசு. ஆனா அவன்கிட்ட மூச்சு விடக் கூடாது. தெரிஞ்சா தலைக்கனம் ஏறிடும்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாவி மனுஷா! மகனை ஒரு வார்த்தை பாராட்டியிருந்தால், மகனும் 'தட்டாதீங்கப்பா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரே! நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டே தீருவது என்று எழுந்தேன். என் வீட்டுக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேணாம். பாவம், அவரால தாங்க முடியாது."

"உங்களால மட்டும் முடியுமா?"

அவர் எழுந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார். கூட்டாளிகள் சட்டென்று போன்களைச் சட்டைப் பைக்குள் போட்டார்கள். மாமனார் மட்டும் சமாளித்தார்.

"ஏன்டா, யாரோ சொன்னாங்க, உன் கேம்ல விளம்பரம் நின்னுடுச்சாமே?"

"நான்தான் எடுத்துட்டேன்ப்பா. ஒத்து வரல."

"எடுத்துட்டியா? மடப்பயலே! கைக்கு வந்ததை எவனாவது விடுவானா? எதையாவது உருப்படியா முடிச்சிருக்கியா நீ?"

அவர் காலி டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். மறுநாள் காலை சூப்பர்வைசரைப் பார்த்து, நான் நிற்கவில்லை, அதே வேலையைத் தாருங்கள் என்று கேட்பதற்குக் கிளம்பினார். டூல் பையின் ஜிப்பைப் போட முடியாமல் அவர் விரல்கள் ஆடின. நான்தான் போட்டுவிட்டேன்.

அவர் படியிறங்கியதும் மாமனார் என்னைப் பார்த்துத் திருப்தியாகச் சிரித்தார்.

"பாத்தியாம்மா? நாலு வார்த்தை உறைக்கிற மாதிரி சொன்னதும் ஒழுங்கா வேலைக்குக் கிளம்பிட்டான்."