கொட்டாம்பட்டித் தாய்மாமன்

கொட்டாம்பட்டி பாண்டிமீனா, சமூகப்பணி படித்துக்கொண்டிருந்தபோது ஒரு கோடை விடுமுறையில் நேபாளத்துக்குப் போனாள். சிறுவயதுக் கல்யாணத்துக்குத் தப்பி வந்த பெண்பிள்ளைகளுக்கு ஒரு தொண்டு நிறுவனம் மலைமேல் விடுதி நடத்தியது. அங்கே இரண்டு மாதம் உதவி வேலை.

கத்திரி வெயிலில் வளர்ந்தவளுக்கு அந்த மேகம் பெரிய அதிசயம். காலையில் ஜன்னல் வழியே நுழைந்து பாயில் வந்து உட்காரும். விழித்திருக்கிறோமா, தூங்குகிறோமா என்று தெரியாமலே பாதி நாள் நடப்பாள். விடுதியில் இருந்த பதின்மூன்று வயது பிமலா அவள் துப்பட்டா நுனியைப் பிடித்தபடி கூடவே நடப்பாள்.

ஒருநாள் பிமலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அட, பிள்ளை பெரியமனுஷி ஆகிவிட்டாள்! பாண்டிமீனாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். தன் பட்டுச்சேலையைக் கட்டிவிட்டு, காட்டுப்பூவைத் தொடுத்து வைத்தாள். அதோடு விட்டாளா? போட்டோ எடுத்து விடுதி வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டாள். படித்த கழுதை! அந்தப் பிள்ளை எதற்குப் பயந்து அங்கே இருக்கிறது என்பதைச் சந்தோஷத்தில் மறந்தே போனாள்.

போட்டோ கைமாறிக் கைமாறி அந்தப் பிள்ளையின் ஊருக்கே போய்விட்டது. நாலாம் நாள் பிமலாவின் சித்தப்பன் வந்து, கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று என்று அவள் கையைப் பிடித்து இழுத்தான். வார்டன் போலீசுக்குப் போன் போட உள்ளே ஓடினார். பிமலா பாண்டிமீனாவைப் பார்த்தாள். பாவி மகள் ஓடிப்போய்க் கேட்டை மறித்து நின்றாள்.

"பட்டு கட்டி, பூ வச்சு, சீர் செஞ்சது யாரு? நானு! இவளுக்குத் தாய்மாமன் நாந்தேன். மாமனைக் கேக்காம எவன்டா பொண்ணைக் கூட்டிட்டுப் போறது? கைய எடுடா!"

அவனுக்குத் தமிழ் புரியவில்லை. ஆனால் நேபாளியிலும் தாய்மாமன் 'மாமா'தான்; அந்த ஒரு சொல் புரிந்தது. மேகத்துக்குள்ளிருந்து ஒவ்வொருத்தியாக விடுதிப் பிள்ளைகள் முப்பது பேரும் வந்து அவள் பின்னால் நின்றார்கள். அவன் கையை விட்டான். போலீஸ் வருவதற்குள் மலை இறங்கிவிட்டான்.

பாண்டிமீனா இப்போது கோச்சடையில் வேலை பார்க்கிறாள். ஊருக்குப் போகும் பஸ்ஸில் கண் அயர்ந்தால் அந்த மேகம் வரும். அந்தச் சித்தப்பன் மறுபடி வந்துவிடுவானோ என்ற பயமும் கூடவே வரும். வருஷா வருஷம் பிமலாவுக்கு மாமன் சீராகப் புத்தகப் பையும் ஷூவும் அனுப்பிவிடுவாள்.

போன வாரம் பஸ்ஸில் போன் அடித்தது. பிமலாதான்.

"மாமா! பத்தாவது பாஸ்!"

பாண்டிமீனா வாய்விட்டு அழுதாள். கண்டக்டர் பதறிப்போய் ஓடி வந்தார். "என்ன தாயி, என்னாச்சு?"

"ஒண்ணுமில்லண்ணே, எம் மருமக பாஸாயிட்டா."

இருபத்தைந்து வயதுக்காரியை அவர் மேலும் கீழும் பார்த்தார்.